மூன்றாவது ஒயில் சீலும் ஒழுகுகிறது

ஒக்டோபர் 19, மூதூரிலிருந்து ஒரு வாசகரின் கேள்வி

ஐயா, எங்கள் லேண்ட்மாஸ்டர் இருசக்கர உழவு இயந்திரத்தில் பிளைவீல் பக்கத்து ஒயில் சீலை இந்த வருடத்தில் மட்டும் மூன்று முறை மாற்றிவிட்டோம். முதல் சீல் இரண்டு மாதம் தாங்கியது. அடுத்தது மூன்று கிழமை. மூன்றாவது நான்கு நாள்கூட நிற்கவில்லை. கடைக்காரர் பூட்டியவன் பிழை என்கிறார். பூட்டியவர் கிராங்கையே மாற்று என்கிறார். பெரும்போக உழவு தொடங்கிவிட்டது, கிராங் வாங்கப் பணம் இல்லை. மலிவான வழி ஏதும் உண்டா?

ஒக்டோபர் 19, இரவு

தம்பி, சீல் என்பது சுழலும் தண்டைச் சுற்றி எண்ணெயைப் பிடித்துவைக்கும் இறப்பர் வளையம். நீங்கள் இதுவரை மாற்றியது அந்த இறப்பரை. தேய்ந்திருப்பது கிராங் தண்டின் இரும்பு. பிளைவீலைக் கழற்றி, சீலின் உதடு, அதாவது உள்விளிம்பு, தண்டில் உரசும் இடத்தைத் துணியால் துடைத்துவிட்டு, விரல் நகத்தை நீளவாக்கில் இழுத்துப் பாருங்கள். நகம் ஓர் இடத்தில் சிக்கினால் அங்கே பள்ளம் இருக்கிறது. புதுச் சீலின் உதடும் அதே பள்ளத்தில்தான் போய் உட்காரும். அங்கே அது தண்டை இறுகப் பிடிக்காது.

இறப்பர் இரும்பை எப்படித் தேய்க்கும் என்று கேட்பீர்கள். தேய்ப்பது இறப்பர் இல்லை. சேற்று உழவில் வரும் பொடிமணல் அந்த மிருதுவான உதட்டில் புதைந்துகொள்கிறது. பிறகு சீல் என்பது சுற்றிக் கட்டிய எமரித்தாள்தான். நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று, நாளுக்கு எட்டு மணித்தியாலம் என்று கணக்குப் போட்டால் எந்த இரும்பும் வழிவிடும்.

காசில்லாத வைத்தியம்: புதுச் சீலைப் பழைய ஆழத்துக்கு அடிக்காமல் மூன்று மி.மீ. வெளியே நிறுத்துங்கள். உதடு தேயாத இடத்தில் உட்காரும். உழவு முடியும்வரை ஓடும்.

ஒக்டோபர் 20

நேற்று மூன்று மி.மீ. என்று கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டேன். அது தவறு. முதலில் சீல் உட்காரும் கூட்டில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று அளக்க வேண்டும். சீலின் முதுகு வெளியே துருத்திக்கொண்டு பிளைவீலில் முட்டக்கூடாது. சில எஞ்சின்களில் பேரிங்குக்கும் சீலுக்கும் நடுவே எண்ணெய் திரும்பிப் போக ஒரு துளை இருக்கும். சீலை உள்ளே தள்ளி இடம் மாற்றுபவர்கள் அந்தத் துளையை அடைத்துவிடுவார்கள். அப்புறம் வைத்தியம் நோயைவிட மோசம். ஒன்றரை மி.மீ. நகர்த்தினாலே பெரும்பாலும் போதும், பள்ளத்தின் அகலம் அதற்குமேல் வருவது அரிது.

ஒக்டோபர் 22

சீலுக்குள் இருக்கும் சுருள் வில்லைக் கழற்றி, இரண்டு சுற்று வெட்டி, மறுபடி பொருத்தினால் இறுக்கம் கூடும் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கூடும். நானும் பதினெட்டு வயதில் பட்டறையில் இதைச் செய்து கெட்டிக்காரன் என்று பெயர் வாங்கியவன். இறுக்கம் கூடினால் சூடு கூடும். சூட்டில் சாதாரண நைற்றைல் இறப்பர் கருகிக் கல்லாகும். கல்லான உதடு பள்ளத்தை இன்னும் ஆழமாக்கும். எனக்குக் கிடைத்த பெயர் இரண்டு மாதத்தில் கரைந்துபோனது, அந்த எஞ்சினின் எண்ணெயைப் போலவே.

ஒக்டோபர் 26

மூதூர்த் தம்பிக்கு நகம் சிக்கியிருக்கிறது. சீலை ஒன்றரை மி.மீ. வெளியே நிறுத்தியும் இருக்கிறார். ஆனாலும் கசிகிறதாம்.

இதைப் படித்த பிறகு எனக்குத் தூக்கம் வரவில்லை. முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய இரண்டு கேள்விகளைக் கேட்காமல் விட்டிருக்கிறேன். ஒன்று, தண்டைக் கையால் மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் இருக்கிறதா? ஆட்டம் இருந்தால் மெயின் பேரிங் போய்விட்டது என்று பொருள், எந்தச் சீலும் நிற்காது. இரண்டு, எஞ்சினின் மூச்சுக்குழாய் திறந்திருக்கிறதா? பிஸ்டனின் அடியில் அழுத்தம் சேர்ந்தால் எண்ணெய் எங்கே பலவீனமான கதவு இருக்கிறது என்று தேடிப் போகும். சீல்தான் அந்தக் கதவு. மூச்சுக்குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். கையைக் கழுவிவிட்டு.

ஒக்டோபர் 27

குளவிக் கூடு! எஞ்சின் இடைப்போகத்தில் கொட்டிலில் கிடந்தபோது குழாயின் வாயில் குளவி மண்ணால் வீடு கட்டியிருக்கிறது. தம்பி குச்சியால் குடைந்து எடுத்து, டீசலில் கழுவியிருக்கிறார். இத்தனை நாள் நாங்கள் சீலின் உதட்டைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்க, குளவி குடும்பம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறது.

நவம்பர் 8

குளவிதான் காரணம் என்று நான் இங்கே வெற்றி முரசு கொட்டாமல் விட்டது நல்லதாகப் போயிற்று. கசிவு பாதியாகத்தான் குறைந்திருக்கிறது. முன்பு நாளுக்கு ஒரு கோப்பை எண்ணெய் ஊற்றியவர் இப்போது அரைக் கோப்பை ஊற்றுகிறார். அழுத்தமும் இருந்தது, பள்ளமும் இருக்கிறது. சீலை இன்னும் அரை மி.மீ. வெளியே எடுத்து வைத்தபோது கசிவு துளிக்கணக்குக்கு வந்தது. முன்பு உதட்டின் ஓரம் பள்ளத்தின் விளிம்பில் ஏறி நின்றிருக்க வேண்டும். ஒன்றரை போதும் என்று சொன்னவன் நான்தான், மறுபடியும் என் கணக்குத்தான் பிழைத்தது. உழவு முடியட்டும், பிறகு முறையாகச் செய்வோம் என்று சொல்லியிருக்கிறேன்.

இங்கே திருகோணமலையில் வாடைக்காற்று எழும்பிவிட்டது. திருக்கடலூர்க் கரையில் படகுகளை மேலே ஏற்றத் தொடங்கிவிட்டார்கள். எங்கள் படகும் ஏறிவிட்டது. மண்ணெண்ணெய் எஞ்சினையும் இறக்கியாகிவிட்டது. அடுத்த மூன்று மாதம் எனக்கும் பழுதுபார்ப்புக் காலம்தான்.

நவம்பர் 15

ஊருக்கு உபதேசம் செய்த வாய்க்குத் தண்டனை. எங்கள் எஞ்சினின் கியர்ப் பெட்டி எண்ணெயை வடித்தேன். பால்கோப்பி. உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது.

புரொப்பெல்லரைக் கழற்றினால், தண்டைச் சுற்றித் தங்கூசி. யாரோ அறுத்துவிட்ட வலையின் நூல், எங்கோ கடலில் சுற்றிக்கொண்டு, ஓட ஓடச் சீலுக்குள் புகுந்து உதட்டை வெட்டியிருக்கிறது. இது கரையில் எல்லோருக்கும் தெரிந்த கதை. மாதம் ஒரு தடவை புரொப்பெல்லரைக் கழற்றிப் பார்க்க வேண்டும் என்று நானே பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன்.

கியர்ப் பெட்டியில் இரண்டு சீல்கள் முதுகோடு முதுகாக இருக்கும். உள்ளே பார்த்திருப்பது எண்ணெயைப் பிடிக்கும், வெளியே பார்த்திருப்பது கடலைத் தடுக்கும். வெளிச் சீல் உரசும் இடத்தில் எனக்கு வெறும் பள்ளம் மட்டும் இல்லை, குண்டூசித் தலை அளவில் மூன்று அரிப்புக் குழிகளும் இருந்தன. எவர்சில்வர்த் தண்டுதானே, எப்படி அரிக்கும் என்று மகன் கேட்டான். எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதே காற்றிலுள்ள ஒட்சிசனால்தான். அது மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலத்தைக் கட்டிவைக்கிறது. சீலின் உதட்டுக்கடியில் உப்புத் தண்ணீர் தேங்கி, காற்றுப் புகாமல் நாள்கணக்கில் கிடந்தால் அந்தப் படலம் உடைந்து அந்த இடம் மட்டும் குழிவிழும். லேண்ட்மாஸ்டர் தண்டை மணல் கெடுத்தது, என் தண்டை உப்புக் கெடுத்தது.

நவம்பர் 16

எங்கே கசிகிறது என்று பார்க்க ஆயிரக்கணக்கில் கருவி வேண்டாம். எண்ணெய் வடிக்கும் துளையில் ஒரு பழைய சைக்கிள் வால்வைப் பொருத்தி, கியர்ப் பெட்டியைத் தண்ணீர்ப் பீப்பாயில் இறக்கி, சைக்கிள் பம்பால் பத்து பி.எஸ்.ஐ. அளவுக்குக் காற்று ஏற்றினால் குமிழி வரும் இடம் தெரிந்துவிடும். வெறியில் முப்பது நாற்பது ஏற்றாதீர்கள். நல்ல சீலையும் பிதுக்கிவிடும்.

நவம்பர் 17

மூடிகளுக்கு அடியில் கசியாமல் வைக்கும் கேஸ்கட்டை வெட்ட வாங்கி வைத்திருந்த அட்டையை மான் தின்றுவிட்டது. வெளியூர்க்காரர்கள் நான் கதை விடுகிறேன் என்று நினைப்பார்கள். திருகோணமலை நகரத்துக்குள் புள்ளிமான்கள் மாடுகளைப் போலத் திரியும், பஸ் நிலையத்தருகே நின்று படம் பிடிக்கவும் விடும். கோட்டைக்குள் கோணேசர் கோவிலுக்குப் போகும் வழியில் பழம் தின்கிற மான்தான் எல்லோருக்கும் தெரியும். எங்கள் வாசலில் கேஸ்கட் தின்கிற மானும் உண்டு. கிறீஸ் தடவியிருந்த பக்கத்தை மட்டும் மிச்சம் வைத்தது.

டிசம்பர் 3

உழவு முடிந்தது, தம்பி கேட்கிறார், இனி என்ன வழி? எனக்குத் தெரிந்தவற்றைச் சொல்கிறேன்.

சந்தையில் கால் மி.மீ. சொச்சம் தடிப்புள்ள எவர்சில்வர் உறை விற்கிறது. தண்டின் மேல் தட்டி ஏற்றினால் பள்ளம் மூடிவிடும், பழைய அளவுச் சீலையே போடலாம், அத்தனை மெல்லியது. பள்ளம் ஆழமாக இருந்தால் எபாக்ஸிப் பசையை நிரப்பி, அது காய்வதற்குள் உறையை ஏற்ற வேண்டும். அருமையான பொருள், விலையும் அருமையாகத்தான் இருக்கும். கொழும்பிலிருந்து எடுப்பித்தால் சில எஞ்சின்களுக்கு அந்தக் காசில் பழைய கிராங் ஒன்றே வாங்கலாம்.

வெல்டிங் போட்டுக் கடைந்து எடுப்பது என்று ஒரு கூட்டம் இருக்கிறது. கிராங் தண்டில் வெல்டிங் சூடு பட்டால் வளையும். வளைந்த கிராங்கை நிமிர்த்தும் ஆளைத் தேடிப் பிறகு அலைய வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி வேறு. ஊசி உருளைப் பேரிங்குக்கு உள்வளையம் தனியாக விற்கிறது. கடினமாக்கி, வழுவழுவென்று அரைத்த வளையம். சீல் ஓடுவதற்கு இதைவிட நல்ல தளம் கிடையாது. தண்டைக் கடைந்து மெலியவைக்கவும் வேண்டாம். தண்டு 40 மி.மீ. என்றால் உட்துளை 40, வெளி விட்டம் 45 உள்ள வளையத்தை ஏற்றி, உள்ளளவு 45 உள்ள சீலைப் போட்டால் போயிற்று. சீலின் மேல் 40 62 8 என்று அச்சிட்டிருப்பது உள்ளளவு, வெளியளவு, தடிப்பு. 45 62 8 என்பதும் கடையில் சாதாரணமாகக் கிடைக்கும் அளவுதான். கூட்டைத் தொடவே தேவையில்லை.

வளையத்தை ஏற்ற, அதை எஞ்சின் எண்ணெயில் போட்டு 120 பாகைவரை சூடாக்க வேண்டும். 30 பாகையிலிருந்து 120க்குப் போனால் 40 மி.மீ. துளை ஏறக்குறைய 0.04 மி.மீ. விரியும். தண்டில் வழுக்கிக்கொண்டு போய், ஆறியதும் கவ்விக்கொள்ளும். காஸ் சுடரில் காட்டிச் சிவக்கவைத்தால் கடினம் போய்விடும், அப்புறம் அது வெறும் வளையல்.

டிசம்பர் 6

பள்ளத்தில் எபாக்ஸியை மட்டும் நிரப்பி, அரைத்து வழுவழுப்பாக்கினால் என்ன என்று நிலாவெளியில் அரிசி ஆலை வைத்திருக்கும் அக்கா கேட்கிறார். கொஞ்சக் காலம் ஓடும். ஆனால் சீல் ஓடும் தளத்துக்கு ராக்வெல் சி அளவில் குறைந்தது 45 கடினம் வேண்டும் என்பார்கள், எபாக்ஸி அதற்குக் கிட்டவும் வராது. அறுவடை முடியும்வரை தாங்கினால் போதும் என்றால் செய்யுங்கள் அக்கா. அடுத்த போகத்தில் என்னைத் திட்டக்கூடாது.

டிசம்பர் 14

என் தண்டுக்கு வருகிறேன். பள்ளம் ஆழமில்லை, குழிகள்தான் தொல்லை. குழிகள் மூன்றும் ஒரே வரிசையில் இருந்ததால், வெளிச் சீலுக்கு அடியில் ஒன்றரை மி.மீ. பித்தளை வளையம் ஒன்றை வெட்டி வைத்து உதட்டை நகர்த்தினேன். அதற்கு முன் தண்டை லேத்தில் மாட்டி, 400 ஆம் இலக்க எமரித்தாள், பிறகு 600 என்று மினுக்கினேன். கண்ணாடி மாதிரி. மகனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

பூட்டிப் பம்ப் அடித்தேன். குமிழி இல்லை. பீப்பாயில் எஞ்சினை ஓடவிட்டேன். பத்தாவது நிமிடம் தண்ணீரின் மேல் எண்ணெய்ப் படலம், வானவில் நிறத்தில்.

நிற்கும்போது கசியாதது சுற்றும்போது கசிகிறது. ஒரு நாள் முழுக்க யோசித்தேன். பிறகுதான் முதலாளி ஒருவர் சொல்லிக்கொடுத்த நூல் வித்தை ஞாபகம் வந்தது. சுற்றும் தண்டின் மேல் நூலைப் போட்டுப் பார்த்தேன். நூல் நடந்தது. தண்டின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு, கோவிலுக்குப் போகிறவரைப் போல நிதானமாக நடந்தது.

நான் எமரித்தாளைப் பிடித்த கையைப் பக்கவாட்டில் நகர்த்திக்கொண்டே மினுக்கியிருக்கிறேன். தண்டு சுற்ற, கை நகர, கண்ணுக்குத் தெரியாத மரை ஒன்று விழுந்துவிட்டது. திருகாணியின் புரி மாதிரி. அந்த மரை எண்ணெயைச் சீலுக்கடியில் இழுத்து வெளியே தள்ளுகிறது. நானே பம்ப் ஒன்றைச் செய்து வைத்திருக்கிறேன்.

டிசம்பர் 15

நூல் வித்தை எப்படி என்று நாலு பேர் கேட்டுவிட்டார்கள். தண்டை லேத்தில் மட்டமாக மாட்டி, மெல்லிய எண்ணெய் தடவுங்கள். தையல் நூலைத் தண்டின் மேல் போட்டு, கீழே சுமார் 30 கிராம் எடை தொங்கவிடுங்கள். நான் 12 மி.மீ. நட் இரண்டைக் கட்டினேன். தண்டைச் சுற்றிப் பாதிக்குமேல் நூல் தொட்டிருக்க வேண்டும். நிமிடத்துக்கு அறுபது சுற்று அளவில் மெதுவாக ஓட்டுங்கள். நூல் நின்ற இடத்தில் நின்றால் நல்லது.

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். நூல் நடந்த உடனே மரை என்று முடிவு கட்டக்கூடாது. லேத்தை எதிர்த்திசையில் ஓட்டிப் பாருங்கள். நூலும் திரும்பி நடந்தால் மரை. எந்தப் பக்கம் ஓட்டினாலும் ஒரே பக்கமாகவே போனால் தண்டு மட்டமாக இல்லை, அல்லது ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்திருக்கிறது. என்னுடையது திரும்பி நடந்தது.

திருத்தம் எளிது. எமரித்தாளைத் தண்டுக்குச் செங்குத்தாக, கையை நகர்த்தாமல், ஒரே இடத்தில் பிடித்து மறுபடி தேய்த்தேன். கண்ணாடியாக்கவும் இல்லை. சீல் ஓடும் தளத்தின் சொரசொரப்பு 0.2 முதல் 0.8 மைக்ரோன்வரை இருக்கலாம் என்று கணக்கு. அதைவிட வழுவழுப்பாக்கினால் எண்ணெய்ப் படலம் தங்காது, உதடு காய்ந்து எரியும். மகனுக்குக் காட்டிய அந்தக் கண்ணாடிப் பளபளப்பு அப்படிப் பார்த்தாலும் பிழைதான்.

டிசம்பர் 16

எதற்கு இந்தப் பாடு, புதுத் தண்டு வாங்கலாமே என்று ஒருவர். வாங்கலாம். 2022 ஓகஸ்ட்டில் மண்ணெண்ணெய் ஒரே இரவில் லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாய்க்குப் போனதிலிருந்து இந்தக் கரையில் எல்லோரும் துளியை எண்ணுகிறார்கள். சீனக்குடாவில் வெள்ளைக்காரன் கட்டிய 99 எண்ணெய்த் தாங்கிகளைப் பார்த்துக்கொண்டே ஒரு போத்தல் கியர் எண்ணெய்க்கு விலை பேசுகிற ஊர் இது.

ஜனவரி 9

மூதூர்த் தம்பி கிராங்கைச் சாக்கில் சுற்றி, பஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு வந்து சேர்ந்தார். 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கும் முன்பு என்றால் இந்தச் சாக்கு ஆற்றைக் கடக்கும் மிதவைப் பாதையிலும் ஏறி இறங்கியிருக்கும். கிண்ணியாவில் லேத் வைத்திருக்கும் நானாவிடம் போனோம். நானா மைக்ரோமீற்றரை வைத்து அளந்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். தண்டு 40 இல்லை, 39.96 மி.மீ.

வளையம் கையாலேயே ஏறி இறங்குகிறது. எண்ணெயைக் கொதிக்கவைத்து, 120 பாகை, 0.04 மி.மீ. என்று நான் நடத்திய வகுப்பு முழுவதும் வீண். இங்கே சூடு வேண்டாம், பேரிங் பிடிக்கும் பசை வேண்டும். தண்டையும் வளையத்தையும் பெற்றோலில் துடைத்து, பசை தடவி, வளையத்தைத் திருகியபடியே ஏற்றி, 24 மணித்தியாலம் தொடாமல் வைத்தோம். பசை இன்னொரு வேலையும் செய்கிறது. அது இல்லாவிட்டால் எண்ணெய் சீலை விட்டுவிட்டு வளையத்துக்கும் தண்டுக்கும் நடுவே ஊர்ந்து வெளியே வந்துவிடும்.

17 மி.மீ. நீள வளையம் கிடைத்தது. எண்ணெய்த் துளை இல்லாததைப் பார்த்து வாங்க வேண்டும். சில உள்வளையங்களில் நடுவில் துளை இருக்கும், உதட்டை அது கிழித்துவிடும். நானா கூலியாக வாங்கியது இரண்டு பிளேன்டீக்கான காசு. லேத்தை ஓட்டவே இல்லையே, எதற்குக் கூலி என்றார்.

ஜனவரி 11

சீலை ஏற்றும்போது பிளைவீலைப் பூட்டும் சாவி உட்காரும் பள்ளத்தின் கூர்விளிம்பு உதட்டைக் கீறாமல் இருக்க, சோடாப் போத்தலின் தோள்பகுதியை வெட்டிப் புனல் மாதிரித் தண்டில் மாட்டி, எண்ணெய் தடவி, அதன் மேலாகச் சீலை வழுக்கவிட்டோம். கூட்டுக்குள் தட்டுவதற்குச் சுத்தியலை நேராகக் கொண்டுபோகாதீர்கள். பொருத்தமான விட்டத்தில் ஒரு துண்டு பி.வி.சி. குழாயை வைத்துத் தட்டினால் கோணாமல் இறங்கும். சீல் இரட்டை உதடு உள்ளது, கடையில் டீசி என்று கேட்டால் தருவார்கள். வெளி உதடு மண்ணைத் தடுக்கும். இரண்டு உதட்டுக்கும் நடுவில் கொஞ்சம் கிறீஸ் வைத்தோம்.

பெப்ரவரி 21

மூதூரிலிருந்து செய்தி: பிளைவீல் பக்கம் மறுபடி எண்ணெய் ஈரம்.

பதறிப்போய் விட்டேன். துடைத்து, மாவு தூவி ஓடவிட்டுப் பாருங்கள் என்றேன். ஈரம் வரும் வழி மாவில் தெரியும். வந்தது மேலே இருந்து. வால்வு மூடியின் கேஸ்கட் கிழிந்து, எண்ணெய் வழிந்து, சீலின் பக்கமாக இறங்கியிருக்கிறது. சீல் காய்ந்த துணிபோல் இருக்கிறதாம். அட்டை வெட்டிப் போடச் சொன்னேன். மூதூரில் மான் கிடையாது.

மார்ச் 6

கடல் படிந்துவிட்டது. நேற்று அதிகாலை படகை இறக்கினோம், புறாத்தீவுப் பக்கம் போய் வந்தோம். சூடை கொஞ்சம், கும்பளா கொஞ்சம், எண்ணெய்ச் செலவுக்குக் காணும். கரைக்கு வந்ததும் மீனைப் பிரிப்பதற்கு முன்னால் கியர்ப் பெட்டியின் கீழ் ஆணியைத் தளர்த்தி இரண்டு துளி எண்ணெயை விரலில் எடுத்துப் பார்த்தேன். தேன் நிறம். புரொப்பெல்லரையும் கழற்றினேன். ஒரே நாளில் ஒரு முழத் தங்கூசி சுற்றியிருந்தது. சீலுக்கு இன்னும் எட்டவில்லை.